வேலாங்குளம் முன்னாள் உறுப்பினர்

பேரவைத் தலைவர் கையிலிருந்த தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "வேலாங்குளம் தொகுதியின் முன்னாள் உறுப்பினர் திரு. கோமதிநாயகம் அவர்கள்" என்று மைக்கில் வாசித்தபோது, மேலே பார்வையாளர் மாடத்தின் மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்த கோமதிநாயகத்துக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. மைக்கில் தன் பேர் வந்தால் முதுகு நிமிர்வது அவருக்கு நாற்பது வருஷப் பழக்கம். அரசியலில் இருந்தவன் உடம்பு அப்படித்தான் வேலை செய்யும். வலது கை தோள்துண்டைத் தேடியது, கும்பிடு போடக் கைகள் பாதி வழி வந்துவிட்டன, பாதங்கள் எழுந்திருக்கத் தயாராயின. அதற்குள் தலைவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். "கடந்த மாதம் எட்டாம் நாள், தமது எழுபத்தாறாவது வயதில் மறைவுற்ற செய்தியை இப்பேரவைக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்." கைகள் நெஞ்சுக்கு நேரே அப்படியே நின்றன. "அன்னார் உப்பளத் தொழிலாளர்களின் உரிமைக்காகப் பாடுபட்டவர். வேலாங்குளம் ஓடையின் குறுக்கே உயர்மட்டப் பாலம் அமையக் காரணமாக இருந்தவர். எளிமையானவர்." இதில் பேர் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அதே தொகுதியின் இன்னொரு முன்னாள் உறுப்பினர் வேதமாணிக்கம். எட்டாம் தேதி செத்தது வேதமாணிக்கம். எழுபத்தாறு வயது வேதமாணிக்கத்துக்கு. உப்பளச் சங்கம் அவருடையது, பாலம் அவர் கொண்டுவந்தது. கோமதிநாயகத்துக்கு எழுபத்திரண்டு, உயிரோடு இருக்கிறார், எளிமையானவர் என்று அவரை இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. வேதமாணிக்கத்தின் பேரை இந்தச் சபையில் வாசிக்கும்போது மேலே உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதற்காகவே அவர் ஊரிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். தலைவர் இன்னும் மூன்று முன்னாள் உறுப்பினர்களின் பேரை வாசித்து முடித்துவிட்டு, மறைந்தவர்களுக்கு மரியாதை செலுத்தும் வகையில் அனைவரும் இரண்டு நிமிடம் எழுந்து நின்று மௌனம் காக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கீழே நாற்காலிகள் நகர்ந்தன. மாடத்திலும் எல்லோரும் எழுந்தார்கள். கோமதிநாயகமும் எழுந்தார். செத்தவருக்கு மரியாதை என்று சொன்ன பிறகு உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்?

மௌனம் ஆரம்பித்தது. அதன் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். ஐந்து வருஷம் கீழே நாலாவது வரிசையில் நின்று கேட்ட சத்தம்: மின்விசிறி, யாரோ ஒருவர் தொண்டையைக் கனைப்பது, புது வேட்டியின் மொடமொடப்பு. அந்த ஐந்து வருஷத்தில் எத்தனை பேருக்கு இப்படி நின்றிருப்பார், அறுபது, எழுபது? ஒரு பேராவது ஞாபகம் இருக்கிறதா என்றால் இல்லை. பக்கத்து நாற்காலியில் ஒரு மலைத் தொகுதிக்காரர் இருந்தார், அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார், உட்கார்ந்ததும் காதோடு சொல்வார், "ஒரு நிமிசம் பத்து செகண்டுதான் குடுத்தாங்க, ஐம்பதை அமுக்கிட்டாங்க." அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது உண்டு. இப்போது அந்த ஒரு நிமிஷம் பத்து செகண்ட் தனக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே பார்த்தார். முன்வரிசையில் ஒருவர் கண்ணை மூடியிருக்கிறார், பக்தியோ தூக்கமோ. ஒருவர் மேஜைக்கடியில் செருப்பைக் காலால் தேடுகிறார். வேலாங்குளத்தின் இப்போதைய உறுப்பினர், டாக்டர் அம்மாள், கைகளைக் கட்டித் தலையைக் குனிந்து நிற்கிறாள். தொகுதிப் பேர் வந்ததும் பக்கத்திலிருந்தவரிடம் என்னவோ கேட்டாள், யார் இவர் என்று கேட்டிருப்பாள். தேர்தல் சமயத்தில் அவள் வேனுக்குப் பின்னால் மூன்று நாள் வெயிலில் நடந்தவர் கோமதிநாயகம், ஆனால் வேனில் இருப்பவர்களுக்கு முன்னால் நடப்பவர்களைத்தான் தெரியும். சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு ஒரு மாலை அனுப்பிவிடுவாள். கொண்டுவருகிறவன் கதவைத் தட்டுவான், திறக்க ஆள் இருக்காது. அவர் மனைவி போய் ஆறு வருஷமாகிறது, மகள் கோயம்புத்தூரில். மகள்! டிவியில் இதைக் காட்டுவார்களே. ஸ்கூலில் பாடம் நடத்திக்கொண்டிருப்பாள், பார்க்க மாட்டாள். யாராவது பார்த்துச் சொன்னால்? போன் பண்ணுவாள், போன் கீழே கவுண்டரில் டோக்கன் போட்ட டப்பாவில் கிடக்கிறது, அடித்து அடித்து ஓயும். எடுக்காவிட்டால் என்ன நினைப்பாள்? உண்மை என்றுதானே நினைப்பாள்? ஒருவேளை உண்மையாகவே இருந்தால்? ரயிலில் கண்ணயர்ந்தபோது ஏதாவது ஆகி, அதற்கப்புறம் நடந்ததெல்லாம், இட்லி, ஆட்டோ, பாஸ் வாங்கியது, எல்லாம் சும்மாவா? காலையிலிருந்து யாராவது தன்னை நேராகப் பார்த்துப் பேசினார்களா? ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்தான். பாஸ் எழுதியவர் தாளைப் பார்த்தார். அவர் முன்னாலிருந்த இரும்புக் கம்பியைப் பிடித்தார். சில்லென்று இருந்தது. இடது இடுப்பு வழக்கம்போல வலித்தது. அந்த வலியை அவர் இவ்வளவு பிரியமாக என்றைக்கும் வரவேற்றதில்லை.

இல்லை, செத்தது வேதமாணிக்கம்தான். பெரியாஸ்பத்திரியில் கட்டிலோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தது தான்தானே. நாலு தேர்தலில் எதிரெதிரே நின்றவர்கள். இரண்டில் அவர் ஜெயித்தார், ஒன்றில் இவர், ஒன்றில் இரண்டு பேரையும் மூன்றாவது ஆள் தோற்கடித்தான், அதிலிருந்துதான் சிநேகம் ஆரம்பித்தது. கல்யாணம் பண்ணிக்கொள்ளாத மனுஷன். சங்க ஆபீஸ் மாடியில் ஒரு அறை, ஒரு கயிற்றுக் கட்டில், உப்புக் காற்றில் துருப்பிடித்த ஜன்னல். முன்னாள்கள் இரண்டு பேருக்கும் பொழுது போகாது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் காலையில் பேப்பரைப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரியில் ஒருநாள் வேதமாணிக்கம் மூக்கில் மாட்டியிருந்த குழாயை விலக்கிவிட்டு, "ஓய் கோமதி, ஒண்ணு கேக்கட்டா?" என்றார். "கேளும்." "நான் போனா சபையில எம்பேர வாசிப்பாங்கல்லா?" "வாசிப்பாங்க. அது முறை." "எங்க கட்சிக்காரன் இப்ப உள்ள ஒருத்தனும் கெடையாது. இருக்கவன்லாம் தலையக் குனிஞ்சு நின்னுக்கிட்டு மத்தியானச் சாப்பாட்ட நெனப்பான். நாமளும் அப்படித்தான நின்னோம். மேல ஒரு ஆளு உக்காந்து கேட்டா நல்லாருக்கும்வே. நீரு போவீரா?" "நீரு மொதல்ல எந்திரிச்சு உக்காரும்." "போவீரான்னு கேட்டேன்." "போறேன்யா, போறேன்." அதற்கப்புறம் வேதமாணிக்கம் குழாயை மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டார். ஒரு மனுஷன் எழுபத்தாறு வருஷம் வாழ்ந்து, கடைசியில் கேட்டது இந்த ஒன்று. சொத்து கேட்கவில்லை, சிலை கேட்கவில்லை. தன் பேர் ஒரு தடவை வாசிக்கப்படும்போது அதைக் காதுகொடுத்துக் கேட்க ஒரு ஆள். அந்த ஆள் வந்தாகிவிட்டது, பேர்தான் வரவில்லை.

எங்கே தப்பு? செயலகத்துக்காரன் எவனோ கவனிக்காமல் எழுதியிருக்கிறான். புத்தகத்தைப் பார்த்து எழுதும்போது ஒரு வரி மேலே போயிருப்பான். வேலாங்குளம், வேலாங்குளம் என்று வரிசையாக இருக்கும், மேலே கோமதிநாயகம், கீழே வேதமாணிக்கம். அப்படித்தான் இருக்கும். கோபம் வந்தது, கோபம் வந்ததும் கொஞ்சம் தெம்பாக இருந்தது. ஒரு போன் போட்டு விவரமாகச் சொல்லியும் இப்படி எழுதினால் எப்படி? ஆமாம், அவர்தானே போன் போட்டார். வேதமாணிக்கத்தை அடக்கம் செய்த மறுவாரம், சபையில் கட்சி ஆள் இல்லாத மனுஷனாயிற்றே, யாரும் தகவல் கொடுக்காமல் விட்டுவிடக் கூடாதே என்று, நம்பரைத் தேடிப் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு அவரே பேசினார். ஒலிபெருக்கி நிலையம் வைத்திருந்தவர் குரல். கட்சிக்கு வந்ததே அந்தக் குரலால்தான். காரின் மேல் இரண்டு குழாயைக் கட்டிக்கொண்டு, வாக்காளப் பெருமக்களே என்று அவர் ஆரம்பித்தால் உப்பளத்தில் உப்பு வாருகிறவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். "வணக்கம். வேலாங்குளம் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் கோமதிநாயகம்." அப்படித்தான் தொடங்கினார். வேறெப்படித் தொடங்குவது? எதிர்முனையில் இருந்தவர் என்ன விஷயம் என்றார். இரங்கல் குறிப்பு என்றார் இவர். எந்தத் தொகுதி? வேலாங்குளம். எப்போது காலமானார்? எட்டாம் தேதி. வயது? எழுபத்தாறு. விசேஷமாக ஏதாவது குறிப்பிட வேண்டுமா? அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னபோது அவருக்குக் குரல் தழுதழுத்தது. உப்பளச் சங்கத்தைச் சொன்னார், பாலத்தைச் சொன்னார், எளிமையான ஆளு சார், கடைசி வரைக்கும் சைக்கிள்தான் என்று சொன்னார். கடைசியில் அந்த ஆள் கேட்டார். என்ன கேட்டார்? "பேரு சொல்லுங்க" என்றார். கோமதிநாயகம் என்றார் கோமதிநாயகம். தகவல் கொடுத்தவர் பேரைக் கேட்கிறார் என்று நினைத்தார். இல்லை, அப்படிக்கூட நினைக்கவில்லை. பேரைக் கேட்டால் தன் பேரைச் சொல்வார், அவ்வளவுதான். சரியாக எழுதியிருக்கிறாரா என்று இன்னொரு தடவை வாசிக்கவும் சொன்னார். வேதமாணிக்கம் என்று எப்போது சொன்னோம்? ஆரம்பத்திலா? இல்லை. நடுவில்? நடுவில் அந்தாளு என்றார், அண்ணாச்சி என்றார். இன்னொரு தடவை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார். வணக்கம், வேலாங்குளம், கோமதிநாயகம், எட்டாம் தேதி, எழுபத்தாறு, சைக்கிள். எங்கேயும் இல்லை. முப்பது வருஷமாகப் பழகிய வழக்கம் அது. எதிரியின் பேரை மைக்கில் சொல்லாதே, சொன்னால் அவனுக்கு இலவச விளம்பரம் என்று கட்சியில் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொடுத்தார்கள். எதிரணி வேட்பாளர் என்று சொல், உப்புக்காரர் என்று சொல், நேற்று வந்தவர் என்று சொல், பேரை மட்டும் சொல்லாதே. ஆயிரம் கூட்டத்தில் அப்படிப் பேசிப் பேசி, அந்தப் பேர் அவர் நாக்குக்குப் பழக்கமில்லாமலே போயிருந்தது. டீக்கடையில்கூட "ஓய்" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அந்த மனுஷனை அடக்கம் செய்த பிறகும் அது வரவில்லை. கிளார்க் மேல் ஒரு தப்பும் இல்லை. சொன்ன பேரைத்தான் அவர் எழுதியிருக்கிறார்.

இன்னும் எவ்வளவு நேரம் இருக்கும்? மலைத் தொகுதிக்காரர் இருந்திருந்தால் சொல்வார். நாற்பது செகண்ட் போயிருக்கும், அவ்வளவுதான். வேதமாணிக்கம் அன்றைக்கு எங்கே உட்கார்ந்திருந்தார்? இந்த மாடம்தான். இந்தத் தூணுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா? அதை நினைக்கக் கூடாது என்று ரயிலேறும்போதே முடிவு செய்திருந்தார், ஆனால் மனசு சொன்ன பேச்சைக் கேட்குமா? கோமதிநாயகம் உறுப்பினராக இருந்த மூன்றாவது வருஷம், ஐப்பசி மழை. ஓடையின் தரைப்பாலத்துக்கு மேலே தண்ணீர் போகிறது, உப்பளத்துக்கு வேலைக்குப் போன பெண்களை ஏற்றிக்கொண்டு வந்த லாரி, வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இறங்கியது. பதினோரு பேர். இரண்டு தடவை அடிக்கல் நாட்டி, இரண்டு தடவையும் மாலை போட்டு, கட்டாமல் விட்ட பாலம். காண்டிராக்ட் எடுத்தவர் இவர் கட்சி மந்திரிக்குச் சம்பந்தி. மூன்றாம் நாள் காலை வேதமாணிக்கம் உறுப்பினர் விடுதிக்கு வந்து அறைக் கதவைத் தட்டினார். வேட்டியில் இன்னும் சேறு இருந்தது. "ஒம்மகிட்ட தோத்தவன் வந்திருக்கேன். நான் வெளிய கத்தலாம், நீருதான் உள்ள இருக்கீரு" என்று ஒரு தாளை நீட்டினார். பதினோரு பேர், வயசு, ஊர். "பேச வேண்டாம். திட்ட வேண்டாம். பேர மட்டும் வாசியும். ஒரு தடவ அவைக்குறிப்புல ஏறிட்டுன்னா அப்பறம் எவனாலயும் நடக்கலன்னு சொல்ல முடியாது." சரி என்றார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார். சபையில் தன் முறை வந்ததும் எழுந்தார். "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, வேலாங்குளம் தரைப்பாலத்தில் இறந்துபோன, சந்தனமாரி, வயது முப்பத்தொன்று" என்று அவர் வாசித்ததும் முன்வரிசையிலிருந்த கொறடா திரும்பினார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. பந்தியில் போதும் என்று இலைக்கு மேல் கை காட்டுவார்களே, அப்படி உள்ளங்கையைக் கீழே காட்டி இரண்டு தடவை அசைத்தார். கோமதிநாயகம் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. யாரும் மிரட்டவில்லை, யாரும் இழுக்கவில்லை. ஒரு கை கீழே அசைந்தது, ஒரு உடம்பு உட்கார்ந்தது. அச்சில் வந்த அவைக்குறிப்பை வாங்கிப் பார்த்தார்: அவர் பேர், மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, அடைப்புக்குறிக்குள் குறுக்கீடு. சந்தனமாரிகூட இல்லை. உட்கார்ந்ததும் நிமிர்ந்து மாடத்தைப் பார்த்தார். வேதமாணிக்கம் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்து வாசலுக்குப் போகப் பயந்து, கடைசி ஆளாக வெளியே வந்தார். வேதமாணிக்கம் மரத்தடியில் நின்று, "டீ குடிச்சீரா?" என்று கேட்டார். அதற்கப்புறம் முப்பது வருஷம், ஒரே பேப்பரைப் பிரித்துப் படித்த அத்தனை காலையிலும், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம். ஒரு தடவை அறைந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த தேர்தலில் இவருக்குச் சீட்டு இல்லை. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தவருக்குக் கட்சி அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. அதற்கடுத்ததில் கொடுத்து, தோற்று, கட்சி மாறி, திரும்பி வந்து, கடைசியில் மேடையில் நாற்காலி போடாத நிலைக்கு வந்தாயிற்று. வேதமாணிக்கம் ஜெயித்துப் போய்ப் பாலத்தைக் கட்ட வைத்தார். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மொபெட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ப் பார்த்தார் கோமதிநாயகம். கல்வெட்டில் மந்திரி பேர், அதிகாரிகள் பேர். கைப்பிடிச் சுவரின் கடைசியில், ஈரச் சிமெண்டில் யாரோ ஆணியால் கீறியிருந்தார்கள். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். வேதமாணிக்கத்தின் கோணல் எழுத்து. சந்தனமாரி, பேச்சித்தாய், முத்துக்கிளி, சகாயமேரி. வண்டி உரசி உரசி இப்போது பாதி போய்விட்டது. அடுத்தது என்ன? உச்சிமாகாளி. பூவம்மா. பொன்செல்வி, அவளுக்குப் பதினாறுதான். ஏழு ஆயிற்று. மீதி நாலு? அந்தத் தாளை இவர் பத்திரமாகத்தான் வைத்திருந்தார், எங்கே என்று மனைவிக்குத் தெரியும். கீழே ஒருவர் காலை மாற்றி நின்றார், முடியப் போகிறது. இப்போது யோசித்துப் பார்த்தால், ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம். நாளைக்கு ஒரு கடிதம் எழுதலாம், ஐயா நான் உயிரோடு இருக்கிறேன் என்று, அதுதான் முறை. எழுதாமலும் இருக்கலாம். அச்சில் ஏறிவிடும்: கோமதிநாயகம், உப்பளத் தொழிலாளர்களுக்காகப் பாடுபட்டவர், பாலம் அமையக் காரணமாக இருந்தவர். ஐம்பது வருஷம் கழித்து எவனாவது புத்தகத்தைப் புரட்டினால் அப்படித்தான் படிப்பான். மகள் படித்தால் பெருமைப்படுவாள். கொறடாவின் கை, குறுக்கீடு, எல்லாம் அழிந்துபோகும். ஆசையாக இருந்தது. வெட்கமில்லாமல் ஆசையாக இருந்தது. ஒரு மனுஷன் ஆயுசு முழுக்க உழைத்தது இன்னொருவன் பேரில் இப்படிப் பளிச்சென்று ஏறி நிற்கிறது, அந்த இன்னொருவன் செய்ய வேண்டியதெல்லாம் உட்காருவது மட்டும்தான். உட்காருவதில் அவருக்குப் பயிற்சி உண்டு. ஆனால் இந்த இரண்டு நிமிஷம் வேதமாணிக்கத்தினுடையது. கடிதம் நாளைக்குப் போகும், திருத்தம் அடுத்த கூட்டத்துக்கு வரும், அதற்கு யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். அந்த மனுஷன் கேட்ட ஒரே ஒரு பொருளை இவர் பறித்துத் தன் மடியில் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"நன்றி. உறுப்பினர்கள் அமரலாம்" என்றார் தலைவர். கீழே நாற்காலிகள் முனகின, மாடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள், கோமதிநாயகம் நின்றார். முழங்கால் தானாக மடியப் பார்த்தது. கம்பியை இறுக்கிப் பிடித்து அதை நிறுத்தினார். பக்கத்தில் நின்ற அவைக் காவலர் அம்மாள், நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும், குனிந்து மெதுவாகச் சொன்னாள், "ஐயா, முடிஞ்சிருச்சு. உக்காருங்க." அவர் உட்காரவில்லை. "ஐயா, உக்காருங்க ஐயா. கேமரால தெரியும்." உள்ளங்கையைக் கீழே காட்டி அசைத்தாள். அந்தக் கையைப் பார்த்ததும் அவருக்குள் எதுவோ அறுந்தது. வாயைத் திறந்தார். ஒலிபெருக்கி நிலையக் குரல் எங்கே இருந்தது என்று தெரியாது, முதல் எழுத்து காற்றாகத்தான் வந்தது, இரண்டாவது தடவை வந்துவிட்டது. "வேதமாணிக்கம்!" என்றார். "செத்தவரு பேரு வேதமாணிக்கம்! வேலாங்குளம் வேதமாணிக்கம்!" கீழே தலைகள் நிமிர்ந்தன. டாக்டர் அம்மாளும் நிமிர்ந்து பார்த்தாள், யாரோ ஒரு கிழவர் என்ற பார்வை. பேரவைத் தலைவர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "மாடத்தில் கூச்சலிடுபவரை வெளியேற்றுங்கள். அது அவைக்குறிப்பில் ஏறாது" என்றார். காவலர் அம்மாள் அவர் முழங்கையைப் பிடித்தாள். வலிக்காமல்தான் பிடித்தாள். படியிறங்கும்போது உள்ளே கேள்வி நேரம் ஆரம்பித்துவிட்டது. யாரோ குடிநீர்க் குழாயைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கீழே ஒரு சின்ன அறையில் மேஜை, பதிவேடு, நூலில் கட்டிய பேனா. அவரை பெஞ்சில் உட்காரச் சொன்னாள். நின்றுகொண்டே இருந்தார். "இந்த வயசுல என்னங்க ஐயா இது? பெரிய ஆபீசர் வந்தா என்னையும் சேத்துக் கேப்பாரு" என்று அலுத்துக்கொண்டு பதிவேட்டைத் திறந்தாள்.

"பேரு?"

கோமதிநாயகம் பதிவேட்டின் காலிக் கட்டத்தைப் பார்த்தார்.

"வேதமாணிக்கம்" என்றார். "எழுதிக்க தாயி. வேதமாணிக்கம். வேலாங்குளம், முன்னாள் உறுப்பினர்."

அவள் பாஸைப் புரட்டினாள். "இதுல கோமதிநாயகம்னு போட்டிருக்கே?"

"அந்தாளு செத்துட்டாரு. இப்பத்தான் உள்ள வாசிச்சாங்க. நீ பக்கத்துலதான நின்ன, கேக்கலையா?"

அவள் கேட்டிருக்கவில்லை. தினமும் இந்தச் சபையில் எத்தனையோ பேரை வாசிக்கிறார்கள். பாஸையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பெரியவருக்குத் தலை கொஞ்சம் கலங்கியிருக்கிறது என்று முடிவு செய்திருக்க வேண்டும், ஏனென்றால் அதற்கப்புறம் அவள் குரல் இளகிவிட்டது. அவர் சொன்னபடியே எழுதினாள். அவர் குனிந்து பார்த்தார். மைப் பேனாவில், நல்ல உருண்டை எழுத்தில், வேதமாணிக்கம், வேலாங்குளம். தேதியும் நேரமும் பக்கத்தில் இருந்தன. சபையின் முத்திரை பக்கத்தின் தலையில் அச்சாகியிருந்தது.

"கூட வந்தவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று அடுத்த கட்டத்தில் பேனாவை வைத்துக் கேட்டாள்.

"இருக்காங்க. பதினோரு பேரு."

அவள் பேனாவைத் தூக்கிவிட்டாள். "பதினோரு பேரா? மேலயா உக்காந்திருக்காங்க? எல்லாரும் கத்தப் போறாங்களா?"

"கத்த மாட்டாங்க. பேர எழுதிக்கிடு, போதும். ஏழுதான் எனக்கு ஞாபகம் இருக்கு. மிச்சம் நாலும் பாலத்துல இருக்கு, போயிப் பாத்துட்டுச் சொல்லுதேன்." அவர் வேட்டியைச் சரி செய்துகொண்டு நேராக நின்றார். தொண்டையைச் செருமினார். "சந்தனமாரி. வயது முப்பத்தொன்று."

அவள் எழுதினாள். பதினோரு பேர் என்றால் சும்மா விஷயமில்லை, ஒழுங்காகத்தான் எழுதினாள்.

"அடுத்து?" என்றாள்.